தெரிந்தும் சொல்லாத ஒரு பழுது

மதுரை சிம்மக்கல்லில் ஒரு கிளினிக்கில் ஈசிஜி மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. தவமணி அண்ணன் இன்று காலை மாரடைப்பில் காலமானார். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் இருபது பேர் கொண்ட குழு அது, தொடங்கியவரே அவர்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே, அவருக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழுதின் சூட்சுமம் பிடிபட்டவன் லேசில் வாயைத் திறக்க மாட்டான். அவரோ வேலை முடிந்ததும் என்ன பழுது, எப்படிச் சரியானது என்று ஒரு தாளில் எழுதிக் கருவியின் மூடிக்கு உட்பக்கம் ஒட்டிவிடுவார். தாம் முதலில் எதைத் தப்பாகச் சந்தேகப்பட்டார் என்பதையும் மறைக்காமல் எழுதுவார்.

"இப்படி ஒட்டுனா அடுத்த தடவ உங்கள எவன்ணே கூப்பிடுவான்?" என்று கேலி செய்திருக்கிறேன்.

"திறக்கிறவன் நான் சுத்துன சுத்தெல்லாம் சுத்த வேணாம்ல. வேற மெஷின் கெடாமயா போயிரும்?" என்றார்.

கம்பெனி வேலையை விட்டு நான் தனியாகத் தொழில் தொடங்கிய புதிது. சமயநல்லூரில் ஒரு மருத்துவமனையில், பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் மக்கர் செய்தது. போட்டதும் நன்றாக ஓடும். அரை மணியில் அலறி நின்றுவிடும். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"கதிரேசா, இந்த மாடல்ல இப்படி எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

பார்த்திருந்தேன். அதற்குச் சில மாதம் முன்புதான் செல்லூரில் வேறொரு மருத்துவமனையில் அதே பழுதைச் சரிசெய்திருந்தேன். சென்சார் ஒயரைச் செருகும் சாக்கெட்டின் காலில் சால்டர் ஈயப் பற்று மயிரிழை அளவு விட்டிருக்கும். சூடு ஏறினால்தான் அந்த இடைவெளி விரியும். ஆறிய பிறகு சோதித்தால் அகப்படாது. அவர் கைவிட்டால் அந்த மருத்துவமனை என்னைத் தேடி வரும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

"தெரியலண்ணே" என்றேன்.

அன்று மாலை அங்கே ஒரு குறைமாதக் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றி, ஆம்புலன்ஸில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. அதனால் நான் யோக்கியனாகிவிட மாட்டேன்.

மறுநாள் அவரே பழுதைக் கண்டுபிடித்துக் குழுவில் பேசி அனுப்பினார். "நம்ம கதிரேசனுக்கே பிடிபடாத கேஸுப்பா. எல்லாரும் குறிச்சு வச்சுக்கங்க." வெட்கமாக இருந்தது. ஆனாலும் பதிலுக்கு ஒரு வரி எழுதவில்லை.

சில மாதங்கள் கழித்து, நான் முன்பு சரிசெய்த அந்தச் செல்லூர் வார்மரை மறுபடி திறந்தேன். இடையில் யாரோ அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே அவர் கையெழுத்தில் ஒரு தாள். ‘ஸ்விட்ச் மாற்றியாச்சு. சென்சார் சாக்கெட் போன வருசமே கதிரேசன் பார்த்தது. நல்ல வேலை, தொட வேண்டாம்.’

யார், எப்போது பார்த்தது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். ஆக, அன்று நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சேர்ந்து டீ குடித்திருக்கிறோம். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், என் முதுகுவலிக்கு வைத்தியம் சொல்வார். அதைப் பற்றி மட்டும் கேட்டதே இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது சொல்லிவிடலாம் என்று நானும் தள்ளிப்போட்டேன். இப்படியே இரண்டு வருடம் போய்விட்டது. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

துக்க வீட்டில் அவர் மனைவி என்னைப் பார்த்து, "நீங்கதான கதிரேசன்? உங்க கைவேலை அம்புட்டுச் சுத்தம்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தத்தனேரி மயானத்தில் எல்லாம் முடிந்து கலையும்வரை நண்பர்கள் ஆளுக்கொன்றாக அண்ணனிடம் கற்றதைச் சொன்னார்கள். நான் வாயே திறக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் குழுவில் எல்லாரும் படிப்பார்கள் அண்ணே, நீங்கள் ஒருவரைத் தவிர. ஒரு தடவையாவது என் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கலாம் நீங்கள். போய் வாருங்கள் அண்ணே. அன்றைக்கு எனக்குத் தெரியும்.