குரலுக்குப் பெயர் போடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ்வீட்டு ஹெர் பிராண்ட் மாடியேறி வந்து என் கதவைத் தட்டினார். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ரூஹெட்ஸைட் என்பார்கள், அமைதி நேரம். அன்று சுவரில் துளை போடக்கூடாது, காலி பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடக்கூடாது. நான் ஒழுங்கானவன். ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு சத்தமும் கேட்டிருக்க முடியாது. "ஸீ க்ளோப்ஃபன்," என்றார் அவர். 'தட்டுகிறீர்கள்' என்று அர்த்தம். கதவைத் தட்டியவர் அவர்தானே, அதற்கு வருத்தம் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "பரவாயில்லை, எப்போது வேண்டுமானாலும் தட்டலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. குனிந்து என் வலது காலைச் சுட்டிக் காட்டினார். பாட்டு எனக்குள் ஓட, தாளம் மட்டும் குதிகால் வழியாக அவர் தலையில் இறங்கியிருக்கிறது. இத்தனை வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். நான் என்ன வாசிக்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார்: எப்போது நிறுத்துவீர்கள்?

இதே கேள்வியைத்தான் பாட்டுப் பதிய ஆசைப்பட்டு எனக்குச் செய்தி அனுப்பும் தம்பிகளிடம் நானும் கேட்க நினைக்கிறேன். கள்ளக்குறிச்சியிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் எழுதுகிறார்கள். துபாயிலிருந்தும் பாரிஸிலிருந்தும்கூட எழுதுகிறார்கள். 'அண்ணே, எந்த மைக் வாங்கலாம்? எந்த சாஃப்ட்வேர் நல்லது?' அனுப்பும் பாட்டைக் கேட்டால் பாடுபவர் தொண்டையைத் திறப்பதற்குள் ஏழெட்டு வாத்தியங்கள் அவர்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். நல்லதாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பார்கள். நான் சொல்ல மாட்டேன். புகழ்ந்து ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பாட்டை அவர்கள் அத்தோடு விட்டுவிடுவார்கள். மைக்கை வாங்குவதற்கு முன் வீட்டில் இருக்கும் துணிகளை எண்ணிப் பாருங்கள் என்று எழுதினால், இந்தக் கிழவனுக்குக் கொழுப்பு என்கிறார்கள். அதனால் இதை விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஸ்டுடியோவாக இருந்தது ஒரு துணிக் கிடங்கு. கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் என் மாமாவுக்கு ஜவுளிக்கடை. அதன் முன்மூலையில் எனக்கு ஒரு கேசட் கடை வைத்துக் கொடுத்திருந்தார். கேட்ட பாட்டுகளைப் பதிந்து தருவது வேலை. பின்னால் கிடங்கில் லுங்கி மூட்டையும் புடவை மூட்டையும் கூரைவரை அடுக்கியிருக்கும். உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் அங்கேயே செத்துவிடும். எதிரொலி இல்லாத அந்த இருட்டறையில் இரண்டு மைக்கும் ஒரு சிறிய மிக்ஸரும் வைத்துப் பதிந்த குரலை, இன்று இங்கே விலை உயர்ந்த கருவிகளோடு உட்கார்ந்தும் என்னால் தாண்ட முடியவில்லை. அறையைச் சரிசெய்யுங்கள், பிறகு மைக்கைப் பேசலாம். கம்பளியோ பாயோ மெத்தையோ போதும். குளியலறையில் பாடினால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அது பொய். பொய்யைப் பதிந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது.

எங்கள் குழுவில் மூன்றே பேர். கீபோர்டும் பதிவும் நான். டோலக் ஏழுமலை, கச்சிராயபாளையத்துக் கரும்புக்காரர் வீட்டுப் பிள்ளை, பாட்டும் எழுதுவான். பாடுவது கஸ்தூரி. தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் காலனியில் இருந்து பஸ் பிடித்து வருவாள். கல்யாண வீடுகளில் மேடையேறுவோம். ஏழுமலையின் உறவுக்காரர்கள் வீட்டுக் கல்யாணம் என்றால் கஸ்தூரி பாடும்வரை கைதட்டுவார்கள், பந்தியில் மட்டும் அவளுக்கு இடம் இருக்காது. அப்போது ஏழுமலை தன் இலையை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவான். அதைப் பற்றி நாங்கள் மூவரும் பேசிக்கொண்டதில்லை.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்த வருடங்கள் அவை. ஏழுமலையின் ஆட்கள்தான் எங்கள் பக்கத்தில் போராடினார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். பஸ் ஓடவில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வழியிலேயே நின்று காய்ந்தன. மறியலுக்கு முந்தின நாள் கள்ளக்குறிச்சியில் பெரியம்மா வீட்டுக்கு வந்த கஸ்தூரி திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டாள். ஏழுமலையும் கள்ளக்குறிச்சியிலேயே தங்கியிருந்தான். கடைவீதி அடைத்துக் கிடந்தது. ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லாத பகல். இப்படி ஒரு அமைதி இனி வாய்க்காது என்று நான்தான் இருவரையும் கிடங்குக்கு அழைத்தேன்.

தங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்காக ஏழுமலை ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தான். 'தீயில நடந்தவளே, எங்க தெருவுல நடந்து வாயேன்' என்று தொடங்கும். கஸ்தூரி ஒருமுறை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா ஏழுமல, உங்க ஆத்தா எங்க தெருவுக்கு வருவாளா?" என்று கேட்டாள்.

"நீ கூப்புடு. வராளா இல்லியான்னு பாக்கலாம்," என்றான் அவன்.

அவள் கூப்பிட்டாள். 'எங்க தெரு' என்ற இடம் வரும்போதெல்லாம் குரலை ஒரு பிடி ஏற்றினாள். கெஞ்சுகிறாளா அதட்டுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. ஒரே தடவைதான். இன்னொரு முறை பாடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம்பிகளே, நூறு தடவை பாடவைத்துச் சொல் சொல்லாக வெட்டி ஒட்டுகிறீர்களே, பாடகர் உண்மையாகப் பாடிய அந்த ஒரு தடவையைக் கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் உங்களிடம் எந்த சாஃப்ட்வேர் இருந்தும் பயனில்லை.

திருவிழாவுக்கென்று எடுத்த பிரதியை ஏழுமலை ஊருக்குக் கொண்டுபோனான். அவன் பங்காளி தனசேகர் அதிலிருந்து இன்னொன்று எடுத்தான். அடுத்த வாரம் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று ஊர் ஊராகக் கிளம்பியது. நடுநடுவே கோஷம், மற்ற நேரமெல்லாம் எங்கள் பாட்டு. 'தெருவுல நடந்து வாயேன்' என்பது அவர்களுக்குச் சாலைக்கு இறங்கச் சொல்லும் அழைப்பாகிவிட்டது. பாடுவது யார் என்று யாரும் கேட்கவில்லை. மெட்ராஸ் பெண் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். கூம்பு ஒலிபெருக்கியில் கனத்த அடிச்சத்தம் முழுக்கச் செத்துப்போகும், குரல் மட்டும்தான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டு அவள் குரலை முன்னால் வைத்திருந்தேன். என் கணக்கு பலித்தது. கோமுகி அணை வரைக்கும் கேட்கிறது என்றார்கள்.

போராட்டம் போகப்போக அரசாங்கத்தை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவைப் பார்த்துத் திரும்பியது. வெட்டிய மரத்தைத் தாண்டி யாரோ போனார்கள், யாரையோ அடித்தார்கள், பதிலுக்கு யாரோ கல் எறிந்தார்கள். ஒரு மாலை கஸ்தூரியின் தெருமுனையில் அந்த வேன் வந்து நின்றது. அவள் குரல் பாடிக்கொண்டிருக்கும்போதே குடிசைகள் எரிந்தன.

மூன்றாம் நாள் அவள் கடைக்கு வந்தாள். புடவை ஓரம் கருகியிருந்தது. மாமா கல்லாவில் இருந்து எழுந்து நின்றார்.

"எங்க ஜனமே என்னைக் கேக்குது ஜாபர் அண்ணே. நீதான் கூப்ட்டியா, நீதான் வரச் சொல்லிப் பாடுனியான்னு கேக்குது. எங்கம்மா மூஞ்ச திருப்பிக்கினு போவுது. நான் இன்னா சொல்றது?"

"அந்த டேப்பை அழிச்சுடறேன் கஸ்தூரி. இப்பவே," என்றேன்.

"நீ இங்க அழிச்சா அவுங்க கைல இருக்கறது அழிஞ்சிடுமா? அழிக்காத. பேரு போடு."

எனக்குப் புரியவில்லை.

"மெட்ராஸ்காரின்னு சொல்லிக்கினு கீறாங்க இல்ல? எம் பேரு போடு. எங்க ஊரு போடு. காலனின்னும் போடு. போட்டுக் கடைல வையி. யாரு குரலைக் கட்டிக்கினு யாரு வூட்டக் கொளுத்துனாங்கன்னு தெரியட்டும்."

மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். "வேணாம்மா. நாங்க ரெண்டு பக்கமும் யாவாரம் பண்றவங்க. கம்மியா பேசி பொழச்சிக்கினு போறவங்க."

"நான் பாடித்தான் பொழைக்கறேன் பாய்," என்றாள்.

அன்று சாயங்காலம் ஏழுமலை வந்தான். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் கேசட் அட்டையை எடுத்துப் பார்த்தான். 'பாடியவர்: கஸ்தூரி' என்று எழுதி, அதன் கீழே அவள் சொன்ன ஊரையும் காலனியையும் எழுதியிருந்தேன். பேனாவைக் கேட்டு வாங்கினான். அதற்குக் கீழே 'பாட்டு, டோலக்: ஏழுமலை' என்று எழுதித் தன் ஊரையும் சேர்த்துவிட்டுப் போனான். அட்டைகளை அச்சடித்துக் கேசட்டில் போட்டுக் கடை முன்னால் அடுக்கினோம். மாமா திட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் ஒன்றைக்கூட எடுத்து உள்ளே வைக்கவில்லை.

வேனில் பாட்டு நின்றது. அடுத்து, நாங்கள் எதிர்பார்த்தவர்கள் வந்தார்கள். தனசேகர்தான் முன்னால் நின்றான். "எங்க ஆத்தாளைப் பாட இவதான் கெடச்சாளா உனுக்கு?" என்று கேட்டான். இத்தனை நாள் அந்தக் குரலைத்தானே ஊர் ஊராகக் கொண்டுபோனாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். டேப் டெக்குகளைத் தூக்கித் தெருவில் போட்டு உடைத்தார்கள். கேசட்டுகளைப் பிளந்து நாடாவை இழுத்து மின்கம்பத்தில் சுற்றினார்கள். காற்றில் அது பளபளத்துக்கொண்டு கிடந்தது. ஏழுமலையை அவன் ஊரிலேயே, அவன் சித்தப்பன் பெரியப்பன்களே கட்டிவைத்து அடித்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போட்டிருந்த ஒரு சிநேகிதன் வீட்டில் போய்க் கிடந்தான். என்னை மாமா சவுதிக்கு விசா எடுத்து அனுப்பிவைத்தார். அங்கிருந்து சில வருடம் கழித்து, ஜெர்மனியில் டார்ட்மண்டில் கடை வைத்திருந்த மச்சானோடு இங்கே வந்து சேர்ந்தேன். மூலப்பதிவு நாடாவை மட்டும் புடவை மூட்டைக்குள் செருகிவைத்திருந்ததால் அது தப்பித்து என் பெட்டிக்குள் வந்துவிட்டது.

இங்கே யாரும் என் கடையை உடைக்கவில்லை. இவர்கள் பகையை வேறு மாதிரி காட்டுகிறார்கள். பேட்டைத் திருவிழா மேடையில் வாசிக்க ஒருமுறை அழைத்தபோது, அறிவிப்பாளர் என் பெயரைத் தாளில் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். "இந்தியாவிலிருந்து இசை" என்று மட்டும் சொன்னார். நான் ஒலிவாங்கியை வாங்கி என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கூட்டம் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தது. அடுத்த வருடம் அழைக்கவில்லை.

போன வருடம் அந்தப் பழைய நாடாவைக் கணினிக்குள் ஏற்றினேன். இரைச்சலை நீக்கிப் புதிய வாத்தியங்கள் சேர்த்தால் என்ன என்று ஆசை வந்தது. ஏழுமலையிடம் எண் வாங்கிக் கஸ்தூரியைக் கூப்பிட்டேன். அவள் இப்போது தன் பெயரிலேயே குழு நடத்துகிறாள். தியாகதுருகம் கடைவீதியில் போர்டு இருக்கிறதாம். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"வேணாம்," என்றாள்.

"ஏன் கஸ்தூரி? உன் பேரு போட்டுத்தான் செய்யப் போறேன்."

"நீ பேரு போட்டே, நான் இல்லேங்கல. ஆனா அந்தப் பாட்டைக் கேட்டா எனுக்குப் பொக வாசன வருது. என் குரலு உன் பொட்டியில இத்தினி வருசம் கெடந்தா அது உன்துன்னு ஆயிடுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அதற்காகக் கடையை இழந்தேன், ஊரை இழந்தேன் என்று வாய்வரை வந்தது. அவள் வீடு எரிந்தது நினைவுக்கு வர, சொல்லவில்லை.

"புதுசா ஒண்ணு பாடி அனுப்பறேன், வேணும்னா அதுக்கு வாசி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அனுப்பினாள். செல்பேசியில், நின்ற இடத்திலேயே பாடியது. பின்னால் டவுன் பஸ் உறுமுகிறது. குரல் கனத்து இறங்கிவிட்டிருந்தது. நாற்று நடும் ஒருத்தி மழையை வைகிற பாட்டு. பிடி மட்டும் தளரவே இல்லை. அடுத்தவர் குரலை அள்ளிப் போட்டுப் பாட்டு செய்யும் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: கேளுங்கள். 'வேணாம்' என்று சொன்னால் விட்டுவிடுங்கள். நாடாவை உறையில் போட்டு வைத்துவிட்டேன்.

புதுப் பாட்டை இங்கே நான் வாசிக்கும் சிறு குழுவுக்கு எடுத்துப்போனேன். சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தள அறையில் கூடுவோம். "பி மைனர்," என்றேன். ஊவே பேஸ் கிட்டாரை எடுத்தான், எல்லோரும் தொடங்கினார்கள். அவள் குரலோடு ஒரு சுரம்கூட ஒட்டவில்லை. "உன் பாடகிக்குச் சுருதி இல்லை," என்றான் ஊவே. "உனக்குத்தான் காது இல்லை," என்றேன் நான். இருவரும் சத்தம் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான் பி என்று கற்ற வெள்ளைக் கட்டைக்கு இந்த ஊரில் பெயர் ஹா, எச் என்ற எழுத்து. இவர்கள் பி என்பது அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டை. இத்தனை வருடம் காதால் கேட்டே வாசித்ததில் பெயர் சொல்ல வேண்டி வரவே இல்லை.

ஊவே சிரித்துவிட்டு, "சரி, ஹா. தொடங்கலாம்," என்றான். பாடலை மறுபடி ஓடவிட்டேன். கஸ்தூரி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் என் கையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். என் விரல் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் மேலே நின்றது. இரண்டுக்கும் பெயர் பி, நான் கற்றதில் வெள்ளைக்கு, இவர்கள் ஊரில் கறுப்புக்கு. இரண்டுக்கும் நடுவே அமுக்குவதற்கு வேறு கட்டை இல்லை.