முப்பத்தாறு டெசிபல்

என் கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் விசிறிச் சத்தத்தை நான் அளக்கத் தொடங்கியது அம்மாவுக்காகத்தான். பக்கவாதத்தில் விழுந்து எழும்பிய பிறகு அம்மாவின் குரல் வெறும் காற்றாகிப்போனது. தனியே நடக்கவும் ஏலாது. தண்ணீருக்கும் கழிவறைக்கும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அடுத்த அறையில் நான் கணினியில் படம் செய்வேன். பாசிக்குடாக் கடற்கரையில் இன்னும் கட்டாத விடுதிகளுக்கு வெயிலும் கதிரையும் போட்டு, கட்டி முடித்தது போலக் காட்டும் வேலை. அதை விட்டால் அம்மாவின் மருந்துக்கு வேறு வழியில்லை. ஒரு படம் தயாராகும் மணித்தியாலங்களில் கார்டின் மூன்று விசிறிகளும் அரிசி ஆலை போல இரையும்.

மேசை மணி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதைத் தொடவே இல்லை. ஏனென்று குனிந்து காதைக் கொடுத்தபோது சொன்னார்:

“நீ என்ன கந்தோர்ப் பியோனா மனே, மணியடிச்சுக் கூப்பிட? என்ட புள்ளைய நான் வாயாலதான் கூப்பிடுவன்.”

பிடிவாதத்தில் நானும் அந்த வயிற்றில் பிறந்தவன்தான். அம்மாவை மாற்ற முடியாது, மெஷினை மாற்றுவோம் என்று இறங்கினேன்.

சத்தம் அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன். எல்லாம் முறைப்படி செய்கிறேன் என்று எனக்குப் பெரிய நினைப்பு. சன்னல்களைச் சாத்தி, கூரை விசிறியை நிறுத்தி, பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டார் ஓயும்வரை காத்திருந்து, கார்டிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போனை வைப்பேன். முதல் நாள் நாற்பத்தேழு டெசிபல். பக்கத்து வாவியின் உப்புக்காற்றில் பிசுபிசுத்துப் படிந்திருந்த தூசைத் துடைத்தெடுத்தேன். விசிறிகளின் வேகத்தைக் குறைத்தேன். சூடு ஏறாமலிருக்கக் கார்டுக்குப் போகும் மின்சாரத்தையும் குறைத்தேன். ஒரு கிழமை மல்லுக்கட்டி முப்பத்தாறுக்குக் கொண்டுவந்தேன்.

வேகம் குறைந்த விசிறிகளில் ஒன்று புதிதாக ஒரு மெல்லிய சீறலைப் பிடித்திருந்தது. விடாமல் ஸ்ஸ்ஸ் என்றது. என் காதில் விழாமல் இல்லை. எண்தான் குறைந்துவிட்டதே, பிறகென்ன என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு படத்தைத் தயாரிக்கக் கணினியை ஓடவிட்டேன். பதினொன்றரைக்குத் தேநீரோடு போனால், அம்மா நிலத்தில் கிடந்தார். கட்டிலிலிருந்து தானே இறங்கப் பார்த்து, சத்தமில்லாமல் சரிந்திருக்கிறார். உடுப்பு நனைந்திருந்தது. நான் தூக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“கூப்பிட்டிருக்கலாமே அம்மா!” என்று கத்தினேன். பயத்தில் வந்த கத்தல் அது.

அம்மாவின் வாயருகே காதை வைத்தேன்.

“நாலு தரம் கூப்பிட்டன் மனே. வேலையா இருக்காயாக்கும் எண்டு பிறகு பேசாமக் கிடந்தன்.”

கழுவி, உடுப்பு மாற்றி, கட்டிலில் கிடத்தினேன். பலமான அடி ஒன்றும் இல்லை. ஒரு கிழமையாக மெஷினை அளந்த மடையன், எந்தக் குரல் கேட்க வேண்டுமோ அதை மட்டும் அளக்கவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கார்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரம் படத்தை அனுப்பியாக வேண்டும், நிறுத்த முடியாது. போனை என் கதிரையில் வைத்துவிட்டு இரண்டு அறைக்கும் நடுவில் வாசலில் நின்றேன்.

“இப்ப ஒருக்காக் கூப்பிடுங்க அம்மா.”

அம்மாவின் வாய் அசைந்தது. அவர் மூச்சும் அந்தச் சீறலும் ஒரே மாதிரி இருந்தன. எது விசிறி, எது அம்மா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கதிரையை எட்டிப் பார்த்தேன், போனில் முப்பத்தாறு. இன்னொரு முறை கூப்பிடச் சொன்னேன். கழுத்து நரம்பு புடைக்க, தலையணையிலிருந்து தலையைத் தூக்கிக் கூப்பிட்டார். எண் அசையவே இல்லை.

கிட்டப் போய்க் குனிந்தேன். அம்மாவுக்கு வியர்த்திருந்தது.

“கேட்டிச்சா மனே? இன்னும் பெலத்துக் கூப்பிடவா?”

இதற்குமேல் அவரிடம் ஒரு துளிச் சத்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

“காணும் அம்மா, போதும். நல்லாக் கேட்டிச்சு.”

“அப்ப பயமில்ல,” என்று சொல்லி அம்மா கண்ணை மூடினார்.