இடுப்பளவுப் பூ

அணைந்துபோன எரிமலைக்குப் போகும் பாதையில் எந்த வளைவில் எந்தக் குழி என்பது வேன் ஓட்டுநருக்கு அத்துப்படி. வசந்தம் வந்துவிட்டால், எரிமலை வாய்க்குள் பூத்திருக்கும் காட்டுப்பூவைப் பார்க்கப் போகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. ஆனால் வண்டியை நிறுத்தியதும் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவாரே தவிர, மேலே ஏறி ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இதை மனைவியிடம் சொன்னதுமில்லை.

வீட்டில் மட்டும் அளந்து தள்ளுவார். மஞ்சள் மஞ்சளாய், இடுப்பளவு நிற்கும் என்பார். சும்மாவும் சொல்லவில்லை. இறங்கி வருகிறவர்களின் ஸ்வெட்டரில், சரியாக இடுப்புப் பக்கம், மஞ்சள் துணுக்குகள் ஒட்டியிருக்கும். சீட்டைத் தட்டிச் சுத்தம் செய்கிறபோது அவராகப் போட்ட கணக்கு அது. மச்சினிதான் நம்பவே மாட்டாள். மாமா விடுகிற கதைக்கு வாலும் இல்லை தலையும் இல்லை என்பாள்.

இந்த வருஷம் வேனில் ஓர் இடம் காலி. மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டாள். பூவைப் பார்த்துவிட்டு வந்து தங்கச்சி வாயை அடைக்கிறேன் என்று சபதம் வேறு. அன்றைக்கு வண்டியை நிறுத்திய ஓட்டுநர் சீட்டைச் சாய்க்கவில்லை.

யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்களோ என்று, மற்றவர்கள் போன பக்கமே போகாமல் அவளை வேறு வழியில் கூட்டிப்போனார். மூச்சிரைக்க விளிம்பில் ஏறி உள்ளே இறங்கினால், எங்கு பார்த்தாலும் கரிக்கட்டை போலக் கல். முழங்கால் உயரத்துக்குக்கூட ஒன்றும் இல்லை. போன வாரம் அடித்த காற்று எல்லாவற்றையும் கொண்டுபோயிருக்கும் என்று மெல்ல ஆரம்பித்தார்.

"காலைக் கொஞ்சம் தூக்குங்க," என்றாள்.

ஷூவுக்கு அடியில், கல்லிடுக்கில், மிளகளவு மஞ்சள் பூக்கள். கண் பழகப் பழகத்தான் தெரிந்தது, சரிவு முழுக்கப் பூ.

"இடுப்பளவுன்னீங்களே, யாரு இடுப்பு? எறும்பு இடுப்பா?"

"நான் மேல வந்ததே இல்ல," என்று அசடு வழிந்தார்.

"தெரியுமே. பூப் பாத்துட்டு வர்றவர் கன்னத்துல வருஷா வருஷம் சீட்டுத் தடம் எப்படி வரும்?"

சொல்லிவிட்டு முழங்கையை ஊன்றிக் குப்புறப் படுத்துப் பூவைப் பார்த்தாள். அவரும் பக்கத்தில் படுத்தார். ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு சிவப்புப் புள்ளி. எழுந்தபோது இருவர் ஸ்வெட்டரிலும் இடுப்புப் பக்கம் மஞ்சள் அப்பியிருந்தது. ஓட்டுநர் அதைத் தொட்டுப் பார்த்துத் தானாகவே சிரித்தார். பிறகு தன் பழைய கணக்கை அவளிடம் ஒப்பித்தார்.

வீட்டு வாசலில் மச்சினி காத்திருந்தாள். பூ எவ்வளவு உயரம் என்றுதான் முதல் கேள்வி. அவர் தலை குனிந்தது. மனைவி ஸ்வெட்டரைத் தட்டாமல் அப்படியே காட்டினாள்.

"மாமா சொன்னதுதாண்டி. இடுப்பளவு."