அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தால்

இதைக் கதை என்று சொன்னால் திருப்புளிக்குக் கோபம் வரும். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள் அவள். எந்நேரமும் கையில் திருப்புளியோடு அலைவதால் அவளுடைய அக்கா வைத்த பட்டப்பெயர் அது. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "முதல்ல பவர் கேபிளைப் பாருங்க" என்று வாயை அடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள் சொன்னது இது. நடந்தது நட்டநடு மத்தியானம். மழை இல்லை. மின்சாரம் போகவில்லை. நாய்கூடக் குரைக்கவில்லை.

அக்காவுடையது ஒரு தையற்கூடம். மொத்தமாகச் சீருடை தைக்கும் இடம். துணியை வெட்டுமுன் அளவுகளை ஆளுயரத் தாளில் வரைந்து தள்ள ஒரு பிளாட்டர் உண்டு. அதை ஓட்டுவது ஒரு கிழட்டு டெஸ்க்டாப். பிளாட்டரின் கார்டு அந்தப் பழைய போர்டில்தான் பொருந்தும் என்பதால் அதைத் தூக்கிப் போடவும் வழியில்லை.

அக்காவின் கணவரான மாமா உயிரோடு இருந்தவரை இரண்டையும் அவர் ஒருவர்தான் தொடுவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு டெஸ்க்டாப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சில நாள் வெண்ணெய் மாதிரி ஓடும். சில நாள் பாதித் தாள் வரையும்போதே திரை நீலமாகிச் செத்துவிடும். ஏன் என்று பிடிபடவில்லை.

மாமாவின் தம்பி அன்று காலைகூட வந்திருந்தார்.

"அண்ணன் கை பழகின மிஷின் அண்ணி. உங்க கைக்கு எங்க அடங்கப்போகுது? கடையை என்கிட்ட விட்டுட்டு வீட்ல நிம்மதியா இருங்க."

"நிம்மதி எனக்கு இங்கயே இருக்கு. நீங்க கிளம்புங்க."

பேச்சு அப்படி. ஆனால் மருத்துவமனைச் சீருடைக்கான தாள்கள் மறுநாள் காலைக்குள் தயாராகவில்லை என்றால் ஆர்டர் போய்விடும். அதுவும் போனால் கடையைக் கொழுந்தனிடம் விடுவதைத் தவிர அக்காவுக்கு வேறு வழி இருக்காது.

விடுமுறை நாள். தையல்காரர்கள் யாரும் இல்லை. திருப்புளி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே இரண்டு ரேம் அட்டைகள், அதாவது கம்ப்யூட்டரின் மெமரி. ஒன்றைக் கழற்றி, மற்றதைச் சரியாக அழுத்தாமல் விட்டதில் பீப்... பீப்... என்று போர்டு கத்தியது. ரேம் இல்லாத கம்ப்யூட்டர் அப்படித்தான் கத்தும். திரையில் ஒன்றும் வராது. அழுத்திப் பொருத்தியதும் வாயை மூடியது.

மெமரி சோதிக்கும் நிரலை ஓடவிட்டாள். கோளாறு இருந்தால் சிவப்பு வரிகள் வரும். அட்டையை மாற்றினாள், இடத்தை மாற்றினாள். ஒரு சிவப்பு இல்லை.

"நல்லாத்தானே இருக்கு!"

அக்கா தேநீரோடு வந்து, திரையைப் பார்க்க மாமாவின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சிவப்பு.

ஒன்று, பத்து, திரை நிறைய... அக்கா பதறி எழுந்தாள். நின்றுவிட்டது.

திருப்புளி சிரித்தாள். "ஒயர் எங்கயாவது நசுங்குதுக்கா. இரு, பிடிச்சிடலாம்."

நாற்காலியின் கால்களைப் பார்த்தாள். ஒயர் எதுவும் அருகில் இல்லை. தானே உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அக்காவின் எடைக்குத் துணிக்கட்டுகளை ஏற்றிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அக்கா பக்கத்தில் நின்றபடி விசைப்பலகையைத் தட்டினாள். ஒன்றுமில்லை.

அக்கா உட்கார்ந்தாள்.

சிவப்பு.

"அக்கா... நீ மாமா இருக்கும்போது இதுல உக்காந்திருக்கியா?"

அக்கா நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். "அளவு எல்லாம் நான்தான் சொல்வேன். அவர் தட்டுவார். பன்னெண்டு வருஷம். நின்னுகிட்டேதான் சொல்வேன். ஒரு தடவை கால் வலிக்குதுன்னு உக்காந்துட்டேன். சேரோட சேத்துத் தள்ளிவிட்டார்."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தங்கையிடம்கூட.

திருப்புளி தொண்டையைச் செருமினாள். "வேற சேர் போட்டுக்கோ. இல்ல நின்னுகிட்டே முடிச்சிடு. இன்னைக்கு ஒரு நாள்தானே."

"மாட்டேன்."

"அக்கா, ஆர்டர்..."

"ஆர்டரும் வேணும். இந்த சேரும் வேணும்."

அக்கா கைகழுவப் போனாள். திருப்புளிக்குத் தெரிந்த கடைசி வைத்தியம் ஒன்று பாக்கி இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தாள். இரண்டு ரேம் அட்டைகளையும் உருவி, தங்கமுலாம் பூசிய பற்களை அழிரப்பரால் தேய்த்தாள். தேய்த்ததைக் கருவிப்பெட்டியின் மேல்தட்டில் வைத்தாள்.

பின்னால் ஒரு சத்தம்.

புஸ்ஸ்ஸ்...

திரும்பினாள்.

நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது. கனத்த ஆள் உட்கார்ந்தால் இறங்குமே, அப்படி... மெல்ல... யாரும் இல்லாமல்.

மெத்தையில் ஒரு பள்ளம்.

கிரீச்.

நாற்காலி அரைவட்டம் திரும்பியது. அவளைப் பார்த்து.

"அக்கா..." குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். பள்ளத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. ஓடவில்லை.

"எந்திரிங்க" என்றாள்.

அசைவில்லை.

"பன்னெண்டு வருஷம் மரியாதையாத்தான் நின்னேன். இப்பவும் மரியாதையாத்தான் சொல்றேன். எந்திரிங்க."

கிரீச்...

"சரி. நீங்க எந்திரிக்கலைன்னா நான் உங்க மேலயே உக்காருவேன்."

உட்கார்ந்தாள்.

அவள் பற்கள் தந்தியடிப்பது திருப்புளிக்குக் கேட்டது. பனிக்கட்டியில் உட்கார்ந்தவள் மாதிரி உடம்பு உதறியது. இரண்டு கைகளாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். நாற்காலி ஆடியது. ஒரு முறை... இன்னொரு முறை...

"சுவிட்சைப் போடுடி!"

"அக்கா..."

"போடு!"

திருப்புளி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

விசிறி சுற்றியது. திரை ஒளிர்ந்தது. நாற்காலி நின்றது. மெல்ல... மெல்ல... மேலே ஏறியது.

அக்கா மூச்சு விட்டாள். கோப்பைத் திறந்தாள். பிளாட்டர் உயிர் பெற்றது. கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக். ஒரு தாள். இரண்டு. பத்து. எங்கும் தடங்கவில்லை. திருப்புளி தகட்டைச் சாத்தி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினாள். அக்கா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தாள்.

வீட்டில் கருவிப்பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தாள்.

மேல்தட்டில் இரண்டு ரேம் அட்டைகள்.

அவள் பயத்தில் திரும்ப மாட்டவே இல்லை.

கையில் எடுத்தாள். "ஸ்ஸ்..." கீழே போட்டாள். சுட்டது. மணிக்கணக்கில் ஓடும் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நொடி உருவியதுபோல...

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"மிஷின் ஓடுதா?"

"ஓடுது. இன்னும் நாலு தாள்தான்."

சொன்னாள். அட்டைகள் இரண்டும் தன்னிடமே இருப்பதை. மறுமுனையில் கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக். அந்தச் சத்தத்துக்குப் பின்னால், அக்காவுடையது அல்லாத ஒரு மூச்சு. கால் கடுக்க நிற்பவரின் மூச்சு.

"அக்கா, அதை அணைச்சிட்டு வெளிய வந்துடு."

"எதுக்கு?" என்றாள் அக்கா. குரலில் நடுக்கம் இருந்தது. ஆனாலும் சொன்னாள். "ஓடட்டும். இவ்ளோ நாள் நான் நின்னேன்ல? இனி அவர் நிக்கட்டும்."

மறுநாள் காலை கொழுந்தன் வந்தபோது தாள்கள் கட்டாகத் தயாராக இருந்தன. அண்ணன் நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். எழவில்லை. அவர் நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அப்புறம் கடையைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை.

திருப்புளி அந்த இரண்டு அட்டைகளையும் வேறு கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்தாள். ஒரு சிவப்பு வரி இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் அக்கா வாங்க மறுத்துவிட்டாள். அந்தப் பெட்டியைத் திறக்கவும் விடுவதில்லை. டெஸ்க்டாப் இன்றுவரை வேலைக்கு நடுவே ஒரு நாளும் நின்றதில்லை.

அட்டைகள் திருப்புளியின் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. தையற்கூடம் மூடியிருக்கும் நாட்களில் ஜில்லென்று இருக்கும்.

திறந்திருக்கும் நாட்களில்... தொட முடியாது.