மாமரத்தில் தொங்கிய ரிம்

சிகந்திராபாத்தில், லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் ஆள் நகரும். அப்பா சைக்கிளை எடுப்பார். அம்மா அடுப்பை அணைப்பாள். கடிகாரம் இருந்தது. அதை யாரும் பார்த்ததில்லை. லீவு நாளில் சங்கு கிடையாது. அன்றைக்கு அம்மாவுக்குக் கை ஓடாது. வாசலில் போய் நின்று ஒர்க்ஷாப் பக்கம் பார்ப்பாள்.

பத்தாவதைத் தட்டுத் தடுமாறித் தேறினேன். பட்டாளத்தில் சேர்ந்தேன். ஹவில்தாராக வெளியே வந்தேன். இப்போது மல்காஜ்கிரியில் வீடு. மல்லாபூரில் ஒரு தொழிற்சாலை கேட்டில் வேலை. எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இது ஒன்று இருக்கிறது.

ஐ.நா. பணிக்கென்று எங்கள் பட்டாலியனை ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். நீலத் தொப்பி கொடுத்தார்கள். ஒரு குன்றின் மேல் எங்கள் போஸ்ட். கீழே ஊர். ஊருக்கு அந்தப் பக்கம் காடு. காட்டிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் இறங்குவார்கள். ஆடு போகும். சில சமயம் ஆளும் போகும். அவர்களை இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

பட்டாளத்தில் காவல் நிற்கிற இடத்தில் மணிக்கு ஒரு தடவை மணி அடிக்க வேண்டும். பழைய வழக்கம். அங்கே வெண்கல மணிக்கு எங்கே போவது? உடைந்த லாரியின் சக்கர ரிம் ஒன்றை மாமரக் கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிட்டோம். இரும்புத் தடியால் அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். காவலாள் தூங்கவில்லை என்பதற்கு எங்களுக்கு அது அத்தாட்சி. ஊரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் உத்தரவு வந்தது. போஸ்ட்டை அந்த நாட்டு ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எங்கள் சுபேதார் திருநெல்வேலிக்காரர். ஒப்படைப்பு என்றால் அவருக்குக் கல்யாண வீடு மாதிரி. பாதை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் வெள்ளை அடிக்கச் சொன்னார்.

"மேல சுண்ணாம்பு, கீழ காவி. வாறவன் பாத்து அசந்து போவணும்ல."

அடித்தோம். வருகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஒரு சார்ஜன்ட். காலில் ரப்பர் பூட்ஸ். கல்லைப் பார்த்தார். ஏதோ சொன்னார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். உள்ளூர்ப் பள்ளி வாத்தியார் ஒருவர் எங்களுக்கு இங்கிலீஷில் எடுத்துச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர். வயதான மனிதர். அவரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் சுபேதார்.

"பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னு கேக்கறார்."

சாயங்காலத்துக்குள் அவர்கள் எல்லாக் கல்லிலும் சேற்றை அப்பிவிட்டார்கள். வெள்ளைக் கல் தூரத்திலிருந்து தெரியும், குறி பார்க்கிறவனுக்கு வசதி என்றார்கள். சுபேதார் ஒரு கல்லில் சேற்றை விரலால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "முதுகு ஒடிஞ்சதுதான் மிச்சம்ல," என்றார்.

மறுநாள் சாமான்களைச் சரிபார்த்தார்கள். மணல் மூட்டை, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் லிஸ்டில் இருந்தன. ரிம் இல்லை. லிஸ்டில் இல்லாத சாமான் போஸ்ட்டில் கிடக்கக் கூடாது. அது சட்டம். அவிழ்த்து லாரியில் போட்டோம். அன்று மணி அடிக்கவில்லை. யாரும் யோசிக்கவும் இல்லை.

மத்தியானம் ஒரு பெண் குன்றேறி வந்தாள். அடிவாரத்தில் வேர்க்கடலை விற்கிறவள். அந்த ஊரில் பிள்ளை பெற்ற பெண்களை 'மாமா' என்று கூப்பிடுவார்கள். முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவள் நேராக மாமரத்தடிக்குப் போனாள். கிளையில் கம்பி மட்டும் இருந்தது. அதைப் பார்த்தபடி பேசினாள். வாத்தியார் சொன்னார்.

"இவ புருஷனைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு மேல யாரும் இல்லை. நீங்க வந்து மணி அடிச்ச பிறகுதான் பிள்ளைங்க தூங்குது. மணி போச்சுன்னா காலையில அக்கா ஊருக்குக் கிளம்பிடுவாளாம்."

"கடலை?" என்றேன். அவள் நிலத்தில் கடலை முற்றி நின்றது. எனக்குத் தெரியும்.

"நிலத்துலயே கிடக்கட்டும்கிறா."

அதை விட்டுப் போனால் அவளுக்கு அந்த வருஷம் சாப்பாடு இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

சார்ஜன்ட் பெட்டிமேல் உட்கார்ந்து துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார். வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். மணியை நீங்கள் அடிப்பீர்களா என்று கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

"நீங்க அடிச்சா 'நாங்க இருக்கோம்'னு அர்த்தம். நான் அடிச்சா 'இங்க சுடு'ன்னு அர்த்தம்."

அவர் சொன்னது சரி. எங்களைச் சுட்டால் பல நாடுகள் கேட்கும். அவரைச் சுட்டால் யார் கேட்பார்கள்? காட்டில் இருக்கிறவனுக்கு அவர்தான் எதிரி. நாங்கள் இடையில் வந்து போகிறவர்கள். ஒரே குன்று, ஒரே ரிம். அடிக்கிற கை மாறினால் சத்தத்துக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. சுண்ணாம்புக் கல்லும் அப்படித்தான்.

அந்தப் பெண் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவர்கள் மொழி அவளுக்குத் தெரியுமே. நேராக அவரிடம் பேச ஆரம்பித்தாள். வாத்தியார் பாதி பாதியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நீ முழிச்சிருக்கியா, தூங்கறியா, எனக்கு எப்படித் தெரியும்?"

"நம்பு."

"உன்னை எனக்குத் தெரியாதே."

"இவங்களை மட்டும் தெரியுமா?"

"தெரியாது. ஆனா அடிச்சாங்க."

சார்ஜன்டின் ஆட்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். அவர் துடைப்பதை நிறுத்தினார்.

எனக்கு லாலாகுடா வாசலில் நின்ற அம்மா ஞாபகம் வந்தாள். சொன்னேன். "ராத்திரி வேண்டாம். விடிஞ்சதும் ஒரே ஒரு தடவை. வெளிச்சத்துல நீங்க மேல இருக்கறது எல்லாருக்கும்தான் தெரியுதே."

அவர் காட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஒரு தடவை. இன்னொண்ணு கேக்கக் கூடாது."

அவள் இறங்கிப் போனாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

ரிம்மை லாரியிலிருந்து இறக்கினேன். சுபேதார் பார்த்துவிட்டார்.

"அது லிஸ்டுல இல்லையேல."

"ஏத்திட்டாப் போச்சு சாப்."

"என்னன்னு ஏத்துவ?"

"இரும்பு வளையம், ஒண்ணு."

அவர் லிஸ்டை என் பக்கம் நீட்டினார். "எளவு, ஏத்தித் தொல," என்றார். ரிம் பழைய கிளைக்கே போனது.

மறுநாள் கிளம்பும் நாள். விடிந்தது. மணி அடிக்கவில்லை. வெயில் ஏறியது. கொடி இறக்கினார்கள், கொடி ஏற்றினார்கள். அதிகாரிகள் கை குலுக்கினார்கள். மணி அடிக்கவில்லை. சார்ஜன்டிடம் போய்க் கேட்க என்னால் முடியாது. போஸ்ட் இப்போது அவருடையது. நான் லாரியில் ஏறினேன்.

ஊர் வழியாகத்தான் ரோடு. அவள் ரோட்டோரம் நின்றாள். தலையில் மூட்டை. பக்கத்தில் பிள்ளைகள். பொதுமக்களை ஏற்றிக்கொள்ள எங்களுக்கு உத்தரவு இல்லை. அவளும் கேட்கவில்லை. எங்கள் லாரிகள் போக வழி விட்டு நின்றாள்.

அப்போது ஒரு சத்தம் வந்தது. ஒன்றே ஒன்று. மெலிசாக இருந்தது. தடி எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கல்லால் அடித்திருப்பார்கள். அவள் குன்றைப் பார்த்தாள். மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். அவிழ்க்கவில்லை. லாரி திரும்பிவிட்டது.

ஊருக்கு வந்ததும் என் மனைவியிடம் சொன்னேன். அவள் வீட்டாரும் தலைமுறையாகச் சிகந்திராபாத்தில் இருப்பவர்கள். எங்கள் பேச்சில் உருது கலந்து வரும்: ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ்.

"இருக்காளா, போய்ட்டாளா?"

"தெரியாது."

"கைக்கு கேக்காம வந்தீங்க? வாத்தியார் நம்பர் இருக்குல்ல?"

"இருக்கு. நக்கோ. அங்க என்ன நிலைமையோ."

அவள் விடவில்லை. என் ஃபோனை எடுத்தாள். பேசினால் பதிவாகிற பட்டனை அழுத்தி என் வாய்க்கு நேரே பிடித்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மணி எப்படி, மாமா எப்படி என்று கேட்டேன்.

பதில் வர ரொம்ப நாள் ஆனது. காற்றுச் சத்தத்தோடு வாத்தியார் குரல். அந்த சார்ஜன்ட் சொன்னபடி அடித்தாராம். பிறகு அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ரிம்மைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு காலை மணி கேட்கவில்லை. அந்தப் பெண் குன்றேறிப் போனாள். காவலாள் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். அவளே தடியைத் தேடி எடுத்து அடித்தாள். தூங்கினவன் துப்பாக்கியைத் தேடி எழுந்தான். அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினாளாம். அதிலிருந்து அடிக்கிறார்களாம். நேரமானால் அவள் ஏறிப் போகிறாள். காட்டுக்காரனுக்குப் பயப்படுவதைவிட இவளுக்குத்தான் பயப்படுகிறார்கள் என்று வாத்தியார் சிரித்தார். கடலை பறித்தாகிவிட்டது என்றும் சொன்னார்.

மனைவி இரண்டு தடவை போட்டுக் கேட்டாள்.

"லிஸ்டுல கையெழுத்து யார் போட்டா?"

"எங்க சுபேதார். அவங்க ஆபீசர்."

"ஹவ். ஆனா சார்ஜ் வாங்கினது அவதான்."

அதற்குப் பிறகு அந்த நம்பர் கிடைக்கவில்லை. மல்லாபூரில் எங்கள் தொழிற்சாலையிலும் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுகிறார்கள். எனக்கு மாற்று ஆள் வருவான். சாவியைக் கொடுப்பேன். கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். அவனுக்கு அலுப்பு. "தெரியும் அண்ணா, நேத்தும் சொன்னீங்க," என்பான். இருந்தாலும் சொல்வேன்.

வாத்தியாரிடம் ஒன்று மட்டும் கேட்க விட்டுப்போயிற்று. அவள் அந்த மூட்டையை அவிழ்த்தாளா, இல்லை கட்டியபடியே வைத்திருக்கிறாளா என்று.