காயமில்லாத அடி

சென்ற ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, என் ஒன்பது வயது மகள் மெர்சியை நான் ஏறக்குறையச் சாகவிட்டேன். சபைப் பத்திரிகைக்குச் சாட்சி எழுத வந்தபின் அதை மறைக்க முடியாது.

காந்திபுரத்துக்குப் பின்னால் எங்கள் தெருவில் சைக்கிளோடு விழுந்தாள். ஹேண்டில்பாரின் முனை நெஞ்சில் குத்தியது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

காயமில்லாமல் காத்தீரே என்று அங்கேயே கர்த்தருக்கு நன்றி சொல்லி, தைலம் தேய்த்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க. அவ மொகமே செரியில்ல" என்றாள் என் மனைவி எஸ்தர்.

"சட்டைப் பொத்தானே தெறிக்கல அம்மணி. நெஞ்சுக்கு என்ன வந்துரும்?"

நாலு புத்தகம் படித்தவனின் மருத்துவ ஞானம் அவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் மெர்சி என் கையைப் பிடித்தாள். "அப்பா... மூச்சு." பேசக் கற்ற நாள் முதல் 'ங்க' போடாமல் என்னிடம் பேசியதில்லை. அந்த இரண்டு எழுத்துக்கு அவளிடம் காற்று இல்லை.

ஆட்டோவில் அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. 'தேவரீர்', 'உமது சமுகம்' என்று இலக்கணத்தோடு ஜெபிக்கிறவன் நான். அன்று அந்தச் சொற்களில் ஒன்றும் வரவில்லை.

"ஏனுங்க, புள்ளைக்கு மூச்சு குடுங்க. தப்பு என்னோடதுங்க."

தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்த டிரைவர், "இதுக்கு மேல வேகமாப் போவாதுங்க" என்றார்.

மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் ஆக்சிஜன் வைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் இருபுறமும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். வலப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. ஊசியை எடுத்தார்.

"எக்ஸ்ரே பாக்காமயா டாக்டர்?"

"எக்ஸ்ரே வர்ற வரைக்கும் பாப்பா தாங்காதுங்க. தள்ளி நில்லுங்க."

நெஞ்சில் ஊசி இறங்கியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. மெர்சியின் நெஞ்சு ஏறி இறங்கியது. என் ஜெபத்துக்கு வந்த பதில் அந்தச் சத்தம்தான்.

விலாவில் குழாய் வைத்தபின் டாக்டர் விளக்கினார். பிள்ளைகளின் விலா எலும்பு ஒடியாமல் வளைந்து கொடுக்குமாம். அடி நேராக நுரையீரலுக்குப் போய்விடுமாம். அங்கே கசிந்த காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்ந்து அவளை நெரித்திருக்கிறது. வெளியே ஒரு தடயமும் இருக்காதாம்.

ஆறு நாள் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். அதே வார்டில் இன்னொரு தகப்பனும் முழங்காலில் நின்று ஜெபித்தார். அவருடைய மகன் வீடு திரும்பவில்லை. ஏனென்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்கள் பக்கம் இப்போது நான் போவதில்லை. எனக்குக் கிடைத்ததற்கு நன்றி சொல்கிறேன், தலை நிமிராமல்.

பிரியமானவர்களே, கர்த்தரை நம்புங்கள். ஆனால் பிள்ளைக்கு நெஞ்சில் அடிபட்டால் தோலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள். ஏறி உட்கார்ந்தபின் ஜெபியுங்கள். ஓடுகிற வண்டியிலிருந்து கேட்டாலும் அவர் செவிகொடுக்கிறார்.