புதருக்குத் தாவிய பச்சைக் கட்டம்

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில், பனிமூட்டத்துக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த செல்வி அக்காவைப் படமெடுக்கப் போயிருந்தேன். கையில் புது மிரர்லெஸ் கேமரா. ஃபோகஸைக் காட்டும் பச்சைக் கட்டம் அவர் முகத்தில் நிற்காமல், பின்னாலிருந்த தேயிலைப் புதருக்கே தாவிக்கொண்டிருந்தது.

எரிச்சலோடு எங்கள் கேமரா வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "மனுசர், மிருகம் ரெண்டையும் தேடுற மாதிரி வச்சிருப்பீங்க. மனுசருக்கு மட்டும் மாத்துங்க" என்றார் ஒருவர். மாற்றினேன். கட்டம் முகத்தில் நின்றது.

"இன்னும் ரெண்டு எட்டு பின்னால போங்கக்கா" என்றேன்.

அவர் புதரைத் திரும்பிப் பார்த்தார். "வேணாம் தம்பி, இங்கனயே எடுங்க" என்றார், தாழ்ந்த குரலில். எனக்குக் கோபம்கூட வந்தது.

சாயந்தரம் படத்தைக் குழுவில் போட்டேன். எந்த லென்ஸ் என்று பலர் கேட்டார்கள். ஒருவர் மட்டும், "அந்தப் புதரைப் பெரிசாக்கிப் பாருங்க" என்றார்.

இலைகளுக்கிடையில் இரண்டு கண்கள். சிறுத்தை.

மறுநாள் விடிந்ததும், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். படத்தைப் பார்த்த செல்வி அக்கா பதறவில்லை.

"தெரியும் தம்பி. அங்கன குட்டி போட்டிருக்கு. வேலைய மேற்பார்க்கிற கண்டாக்கையாகிட்ட சொல்லியாச்சு, இன்னைக்கும் பறிக்க அதே மலையத்தான் குடுத்திருக்காங்க. சத்தம் போடாம பறிச்சிட்டு வந்துருவோம்."

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு பனிக்குள் நடந்தார்.

எந்த லென்ஸ் என்று இன்னமும் கேட்கிறார்கள். நான் பதில் போடுவதில்லை. அந்தப் படத்தைத் திறந்தால் எனக்குக் கேட்பதெல்லாம், இன்னும் இரண்டு எட்டு பின்னால் போகச் சொன்ன என் குரல்தான்.